இடது தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி

மாமல்லபுரத்துக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் அந்த நகைக்கடன் கம்பெனியைப் பார்ப்பதில்லை. கடலுக்குள் போகிறவர்கள் பார்க்காமல் தப்பிப்பதில்லை. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை வந்துவிட்டால் படகெல்லாம் கரைக்கு ஏறும். கம்மலெல்லாம் இங்கே ஏறும். அந்தக் கம்மல்களுக்கும் திருடனுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் படாளம் தேவேந்திரன். அவர் மடியில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி.

ராணுவத்தில் பதினேழு வருஷம், வேறு வாசல்களில் எட்டு, இந்த நாற்காலியில் பன்னிரண்டு. காவல் வேலையில் இரண்டே ரகம்: தடிக்காரன், துப்பாக்கிக்காரன். தடியைக் கம்பெனி கொடுக்கும். துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஆள்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் மாதம் ஏழாயிரம் கூடுதல், 'கன்மேன்' என்று ஒரு பட்டம், மேனேஜர் வாயிலிருந்து ஒரு "வாங்க". தடிக்காரனுக்கு "யோவ்" மட்டும்தான்.

தேவேந்திரனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் தேவைப்பட்டதில்லை. படாளத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு இன்னொரு பஸ். தோளில் நீளமான துணிப்பை. தினம் ஏதாவது ஒரு கண்டக்டர் கேட்பான்: "இன்னா சார், கிட்டாரா?"

"ஆமா. ஒரு பாட்டு போடட்டா?"

கம்பெனிக்கு வந்தால் குப்பம்மா. பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள். தடைக்காலம் தவறாமல் கம்மலையும் சங்கிலியையும் கொண்டுவந்து வைப்பாள். தடை முடிந்ததும் மீட்டுக்கொண்டு போவாள். வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை இவரைச் சீண்டாவிட்டால் அவளுக்கு நாள் போகாது.

"அண்ணாத்த, அது வெடிக்குமா, இல்ல ஒட்டடை அடிக்க வச்சிகினுகீறியா?"

"வெடிச்சுக் காட்டவா? எந்தக் காதுல?"

"காதுல இன்னா கீது இப்ப? கம்மலுதான் உள்ள கீதே."

அந்தத் துப்பாக்கியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தேவேந்திரன் இடது கைக்காரர். ராணுவத்தில் இடது கை என்று ஒரு கை கிடையாது. பதினேழு வருஷமும் வலது தோளில் வைத்துத்தான் சுட்டார். பத்துக்கு ஆறு படும். மீதி நாலுக்கு வாங்கிய வசவுகளை இந்தி, பஞ்சாபி, நேபாளி மூன்றிலும் இன்றும் ஒப்பிப்பார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், வடக்கே பணியில் இருந்த ஊரில், அரசாங்க லைசென்ஸோடு துப்பாக்கி செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனார். அங்கிருந்த ஆள், பெயர் ஜகதீஷ், இவரைச் சுவரோரம் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு கட்டையைக் கையில் கொடுத்து, "தூக்கு, இறக்கு" என்று இருபது தடவை சொன்னான். ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல் கழுத்து, கன்னம், முழங்கை எல்லாவற்றையும் அளந்தான். நாலு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தோளில் அணைக்கும் மரக்கட்டையை இடப்பக்கம் ஒரு நூல் வளைத்துச் செய்து கொடுத்தான். கொடுக்கும்போதே எச்சரித்தான்: "இதை வித்தா விலை வராது. இது ஒன் தோளு."

அதிலிருந்து பத்துக்குப் பத்து. இருபத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார். உப்புக் காற்றுக்குத் தினம் ரெண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் செலவு.

போன தையில் அரவிந்தன் வந்தான். கம்பெனிக்குக் காவல் ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் வட்டார மேலாளர். வயது முப்பத்திரண்டு, துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பதினாலு பக்கத்துக்கு வண்ணப்படம் போட்டிருந்தான். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'போட்ட காசுக்குப் பலன்' என்று ஒரு கட்டம். கைவேலைத் துப்பாக்கிக்கு அதில் சிவப்புப் பெருக்கல் குறி. மெஷினில் செய்ததற்குப் பச்சை டிக்.

"இனிமே எல்லா கன்மேனும் ஃபேக்டரி பம்ப் ஆக்‌ஷன்தான் வச்சிருக்கணும், சார். பழசைக் கொடுத்துட்டு புதுசு வாங்கிடுங்க. ஒரு மாசம் டைம்."

"ஏன், இதுக்கு இன்னா கொற?"

"கொறைன்னு இல்ல. இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல துப்பாக்கியோட கம்பெனி பேரு செலக்ட் பண்ணணும். உங்களோடது லிஸ்ட்ல வரல."

"நம்பர் அடிச்சிருக்கு. லைசென்ஸ்ல கீது. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்குறேன். கலெக்டர் ஆபீஸுக்குத் தெரியுது, போலீஸுக்குத் தெரியுது. ஒன் லிஸ்டுக்குத் தெரியலயா?"

"'இதர' அப்படின்னு ஒரு ஆப்ஷன் இருந்தா போட்டுருவேன் சார். இல்லையே."

பதினேழு வருஷம் எல்லையைக் காத்த ஒரு மனிதனின் பிழைப்பு, 'இதர' என்று ஒரு வரி சேர்க்கச் சோம்பல்பட்ட எவனோ ஒருவனின் கையில் தொங்கியது. வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று தேவேந்திரன் கேட்டார். சிறுசேரியில் ஐடி கம்பெனி வாசலில் இடம் இருக்கிறதென்றான் அரவிந்தன். தடிக்காரராக.

அன்று ராத்திரி முழுக்க எண்ணெய் போட்டார் என்றெல்லாம் இல்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினார். நாற்பது வருஷமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் நூர்முகமதுவிடம் போனார். அவர் துப்பாக்கியைத் தூக்கினார், இறக்கினார், இன்னொரு தடவை தூக்கினார். தூக்கியதும் முகம் கோணிப் போயிற்று.

"என்னாங்க இது, என் கன்னத்தையே தள்ளுது?"

"அது என் கன்னத்துக்கு, பாய்."

"அப்ப யாருக்கு விப்பேன்? பதினெட்டாயிரம் தரலாம். புதுசு ஒரு லட்சத்து இருபதுக்கு மேல போவுது."

"இது கைவேலை பாய்!"

"கைவேலைன்னா கொம்பா?" நூர்முகமது சிரித்தார். "குழல் கிழிஞ்சு மூணு விரலு போனவரு ஒருத்தர் வந்தாரு. அதுவும் கைவேலைதான். மெஷினுல நூறு செஞ்சா நூறும் ஒரே மாதிரி வரும். நல்லாருந்தா நூறும் நல்லாருக்கும். கையால செய்யறது அந்த ஆளப் பொறுத்து. ஒங்களோடது நல்ல ஆளு செஞ்சது. ஆனா ஒங்களத் தவிர ஒருத்தனுக்கும் பத்துப் பைசா பெறாது. ஒங்களுக்கு மட்டும்னா லட்சம் குடுத்தாலும் தகும்."

தேவேந்திரனுக்கு அந்த மனிதர்மேலும் கோபம் வந்தது. சண்டை போட முடியாதபடி நியாயமாகப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் நூர்முகமதுவே ஒரு வழியும் சொன்னார். ஏஜென்சிக்காரர்களுக்கு ஒரு புதுத் துப்பாக்கியைக் காட்ட அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வருஷாந்திரச் சுடும் பயிற்சியன்று எடுத்து வருவார். ரெண்டையும் ஒரே இடத்தில் சுட்டுக் காட்டட்டுமே?

அரவிந்தனுக்குப் பரம சந்தோஷம். வீடியோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஜெயிக்கிற துப்பாக்கியையே எழுதிக்கொள்கிறேன் என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தான்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துச் சுடுதளம். மாசி வெயில். முதலில் கைவேலை. ஐந்து தகரத் தட்டு, ஐந்து தோட்டா, ஐந்தும் விழுந்தன. தேவேந்திரன் துப்பாக்கியை மடக்கிய விதத்தில் ஒரு திமிர் இருந்தது. இருக்கட்டும், இருபத்தொரு வருஷத்துக்கு அவ்வளவாவது வேண்டாமா?

பிறகு புதுசு. கறுப்பு, பளபளப்பு, பொம்மைப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல. குறை சொல்ல ஒன்றுமில்லை, நேர்த்தியான சாமான். ஒரே ஒரு விஷயம்: உலகத்தில் எல்லாருக்கும் வலது கை என்று நினைத்துச் செய்தது. காலித் தோட்டா வலப்பக்கமாகத் தெறிக்கும். இடது தோளில் வைத்துச் சுட்டால் அது சுடுகிறவனின் மூக்குக்குக் குறுக்கே பறக்கும். நூர்முகமது இதைச் சொன்னார். "வீடியோ எடுக்கிறவரு கொஞ்சம் பின்னால வாங்க" என்றும் சொன்னார். அரவிந்தன் வரவில்லை. வலப்பக்கம் நின்றால்தான் சுடுகிறவர் முகம் வெளிச்சமாக விழுமாம்.

முதல் வெடி. தேவேந்திரனின் இடது கன்னத்தில் கட்டை குத்தி எலும்பு நொந்தது. தட்டு அசையவில்லை. அடுத்த தோட்டாவுக்காகக் குழலுக்கு அடியிலிருந்த பம்பை இழுத்தார். சூட்டோடு பறந்த காலித் தோட்டா அரவிந்தனின் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

"ஐயோ! அம்மா! உள்ள போயிடுச்சு!"

"ஆடாத தம்பி, வீடியோ ஆடிறப் போவுது."

நூர்முகமதுதான் சட்டையை உருவித் தோட்டாவை எடுத்தார். மீதி நாலில் தேவேந்திரன் ஒன்றை வீழ்த்தினார். ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஒன்று. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

மூன்றாம் நாள் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் மூர்த்தி வாசிக்கத் தயங்கியதால் தேவேந்திரனே பிடுங்கி வாசித்தார். புதிய துப்பாக்கி சோதனையில் திருப்திகரமாக இயங்கியது. காவலர் அதற்குப் பொருந்தவில்லை. எனவே துப்பாக்கி ஏற்கப்பட்டது, காவலர் மாற்றப்படுகிறார்.

துப்பாக்கி ஆளுக்குப் பொருந்தவில்லை என்றால் ஆளை மாற்றுகிறார்கள். செருப்பு கடித்தால் காலை வெட்டுவார்கள் போலிருக்கிறது. தேவேந்திரன் கடிதத்தை நாலாக மடித்து, நாற்காலியின் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலி ஆடாமல் நின்றது.

"துப்பாக்கி வாசல்ல நிக்கிது, பத்துக்குப் பத்து சுடுறவன் சிறுசேரிக்குப் போறான். நல்லாக்கீது சார் ஒங்க கம்பெனி."

மூர்த்தி குனிந்துகொண்டார். அவரும் ஏதோ ஒரு லிஸ்டில் இருப்பவர்தானே.

துப்பாக்கி வாசலில் நிற்கவும் இல்லை என்பதுதான் கூத்து. இந்தத் தடவை அதை ஏஜென்சியே தன் பெயரில் வாங்கியது. புது ஆளுக்கு அதைத் தொடும் அனுமதிக்காகச் செங்கல்பட்டில் மனு போட்டிருக்கிறார்கள். மனு மேஜை மேஜையாக நடந்துகினு கீது என்று மூர்த்தியே பிற்பாடு போனில் சொன்னார். அதுவரை லட்சத்து இருபதாயிரம் சாமானை வெளியே வைக்கலாமா? நகை வைக்கும் பெட்டகத்துக்குள், குப்பம்மாவின் சங்கிலிக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். வாசலில் தடிக்காரன். நகையைக் காக்க வந்த துப்பாக்கியை இப்போது நகைப் பெட்டகம் காக்கிறது.

குப்பம்மா இந்த வருஷம் தடை முடியும்வரை காத்திருக்கவில்லை. யார் காலையோ பிடித்து நகையை மீட்டு வேறு கடையில் வைத்தாளாம். மூர்த்தி ஏனென்று கேட்டதற்கு, "கத பேச ஆளில்லாத வாசல்ல எனுக்கு இன்னா வேல?" என்றாளாம்.

தேவேந்திரன் இப்போது சிறுசேரி வாசலில் வண்டி மறிக்கும் கம்பத்தை ஏற்றி இறக்குகிறார். துப்பாக்கி படாளத்து வீட்டில், பூட்டிய அலமாரியில். ஏழாயிரம் போயிற்று. "வாங்க" போயிற்று. விற்றுவிடச் சொன்னவர்களிடம் அவர் சொன்னதை அச்சில் போட முடியாது.

ஆனி மாதத்தில் ஒரு காலை, ஷட்டில் பஸ்கள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும் நேரத்தில் அரவிந்தன் போன் செய்தான். குரலில் வெண்ணெய்.

"சார், எப்படி இருக்கீங்க? நாளைக்கு இன்ஷூரன்ஸ் ஆளுங்க மாமல்லபுரம் பிராஞ்சை பாக்க வர்றாங்க. வாசல்ல துப்பாக்கியோட ஒருத்தர் நிக்கணும். ஒரே ஒரு நாள் சார். உங்க துப்பாக்கிய எடுத்துட்டு வந்து நின்னீங்கன்னா..."

"எந்தத் துப்பாக்கி?"

"உங்களோடதுதான் சார். அந்த டபுள் பேரல்."

"அது ஒன் லிஸ்ட்ல கீதா?"

"அது... இல்ல சார். ஆனா நாளைக்கு மட்டும்..."

"லிஸ்ட்ல இல்லாத துப்பாக்கிய நான் எங்கேந்து கொண்டாருவேன், தம்பி? பெட்டகத்துல ஒண்ணு கீதே, அத வாசல்ல நிக்கச் சொல்லு. திருப்திகரமா இயங்குமாமே."

"சார், சார், திரும்ப அங்கயே போஸ்டிங் போட்டுத் தர்றேன் சார்!"

"மொதல்ல 'இதர'ன்னு ஒரு லைன் போடு. போட்டுட்டு, எழுத்துல அனுப்பு. அப்பால பேசு."

போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார். முதல் பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், கம்பத்தத் தூக்குய்யா!" என்று கத்தினான்.

தேவேந்திரன் அவனை ஒரு முறை முறைத்தார். பிறகு நிதானமாக, இடது கையாலேயே தூக்கினார்.