திறந்து கிடந்த பொனட்

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வீட்டு முன் ஒழுங்கையிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. வாய் நிறைய நுரையோடு படியிறங்கி ஓடினேன். முழங்கால் வலிக்கு மருந்து பூசுகிற நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

மகன் தன் காரின் பொனட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தான்.

"கழண்டுட்டுது அம்மா! நேற்று முழுக்க அசையாத போல்ட். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்கள்?"

சத்தம் மட்டுமல்ல. அவன் கையிலிருந்து வந்த மண்ணெண்ணெய் வாசமும் ஒரு காரணம். அந்த வாசம் எனக்கு அண்ணாவினுடையது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் வாழ்ந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே எல்லாம் துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி, பூட்டு, அம்மா தைத்துவிட்டு மறந்துபோன ஊசி. தண்டவாளத்தைத் தாண்டி வரும் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை.

யுத்த காலம் அது. நான் கோட்டையில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பாவின் பழைய கார் தண்ணீர்ப் பம்ப் பழுதாகி வாசலில் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்துவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்த அண்ணா, தானே திருத்துவேன் என்று இறங்கினான். பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அடியிலிருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. காலையில் கந்தோருக்குப் போகும்போது ஒரு புத்திமதி, மாலையில் வரும்போது இன்னொன்று. திருத்த வேலைக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

அந்த நாட்களில் தமிழர் வீட்டு வாசலில் ஒரு கார் அசையாமல் நின்றால் தெருவே அதைச் சுற்றிப் போகும். உள்ளே குண்டு இருக்குமோ என்ற பயம். தெருமுனைக் காவலரணிலிருந்து வந்த ஆமிக்காரன், "மே கார் எக்க காகெத?" என்று, யாருடைய கார் என்று சிங்களத்தில், ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போயிருந்தான். அண்ணாவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. கார் கிளம்பாவிட்டால் அடுத்த விசாரணை அவனைப் பற்றித்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே அவன் பகல் முழுதும் பொனட்டைத் திறந்தே வைத்தான். போகிறவர்கள் எஞ்சினைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகட்டுமாம்.

"உந்தக் காரின்ரை வாயை மூடடா," என்பாள் அம்மா. "உப்புக் காத்தைக் குடிச்சுச் சாகப்போகுது."

"துரு பிடிச்சால் மண்ணெண்ணெய் விடலாம் அம்மா. ஆமி பிடிச்சால் என்னத்தை விடுறது?"

அம்மாவும் சிரித்தாள். காற்று வந்து வந்து அந்தப் போல்ட் இன்னும் இறுகியது.

ஒரு ஞாயிறு காலை, நான் மேலே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணா ஸ்பனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினான். போல்ட்டின் தலை முறிந்தது. ஒழுங்கை முழுக்க எதிரொலித்த அந்தச் சத்தத்தை வெடி என்று நினைக்க யாருக்கும் உரிமை இருந்தது. காவலரணிலிருந்து துவக்கை நீட்டியபடி ஓடி வந்தார்கள். அண்ணா குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றான். "கீழை போடண்ணா!" என்று கத்தினேன். என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை.

அவனைக் கொண்டுபோய் மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். வந்தவன் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றான். சில மாதங்களில் அப்பா அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். முறிந்த போல்ட்டை உள்ளே வைத்தபடியே அந்தக் கார் பழைய இரும்பாக ஒருகொடவத்தைக்கு லொறியில் போனது.

அண்ணா அங்கே இன்றுவரை கார் வாங்கவில்லை. கேட்டால், "பஸ் நல்லம்" என்பான். அம்மாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை.

மகன் கழற்றிய போல்ட்டை என் கையில் வைத்தான். முழுசாக இருந்தது. நான் தெருமுனையைப் பார்த்தேன். காவலரணின் மணல் மூட்டைகள் இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். சத்தம் கேட்டு அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

தேத்தண்ணி குடிக்கப் போகுமுன் மகன் பொனட்டை மூடக் கை வைத்தான்.

"திறந்து கிடக்கட்டும்," என்றேன்.

"துரு பிடிக்கும் அம்மா."

"துருத்தானே, பிடிக்கட்டும்."