கையெழுத்துக்குப் போன ஞாயிறுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். "வாங்கிப் பாருன்னு ஒருத்தனும் சொல்லலையே. சொல்லிருந்தா நான் இந்தச் சோலிக்கே வந்திருக்க மாட்டேன்" என்று அந்த வருடம் முழுக்க அப்பா புலம்பினார்.

போடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலையில் இருந்த அப்பா, இருந்ததையெல்லாம் திரட்டி, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அது விற்கிறவரின் தகப்பனார் வீடு என்று. உயில் எழுதாமல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் மகளும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த மகளோ போடிமெட்டுக்கு அப்பால், ஒரு ஏலத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். தகப்பன் காரியத்துக்குப் பிறகு அண்ணன் தங்கைக்குள் போக்குவரத்தே இல்லை. "நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கோங்க" என்று விற்கிறவர் கையை விரித்துவிட்டார். இப்படியாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மலையேறிப் போயின.

அப்பாவுக்குத் துணை நான். பெண்பிள்ளையைக் கண்டால் மனசு இரங்கும் என்பது அம்மாவின் கணக்கு. ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து ஓய்ந்த பிறகு எனக்கு எல்லாமே கொண்டாட்டம்தான். விற்கிறவரின் தங்கை அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். எங்களைக் கண்டதும் ஓடிவந்து பாய் விரிப்பாள்.

"வெரசா போகணும்த்தா, மழை வரும்போல இருக்கு. ஒரே ஒரு கையெழுத்து" என்பார் அப்பா.

"போகலாம்ணே. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க."

அந்தச் சாயா வருவதற்குள் மதியமாகிவிடும். விறகை ஒவ்வொன்றாக வைப்பாள். நடுவில் வந்து உட்கார்ந்து, அந்த வீட்டு அடுப்படி சன்னலில் நின்றால் இன்னும் மலை தெரிகிறதா, தன் அண்ணன் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பாள். பங்கைப் பற்றி வாயே திறந்ததில்லை. கடைசியில் மரியாதைக்காக ஏலக்காயை அள்ளித் தட்டிப்போட்டுக் கொண்டுவருவாள். வாரமெல்லாம் ஏலக்காயிலேயே கிடக்கும் அப்பா அதைக் கஷாயம் போல விழுங்குவார். "பாப்போம்ணே, அடுத்த வாரம் வாங்க" என்பாள் அத்தை. இறங்கும்போது அப்பா ஜீப்புக் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

ஒரு மழை ஞாயிறு. அப்பா ஜீப்புக்காரரிடம் பேச வெளியே போயிருந்தார். அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் ரகசியமாகச் சொன்னேன்: "அத்தே, கையெழுத்து மட்டும் போட்றாதீங்க. போட்டுட்டா அப்புறம் நாங்க வரமாட்டோம்."

பின்னிய கை நின்றது. அப்புறம் அத்தை சிரித்தாள்.

"ஆமாடி ஆத்தா. அப்புறம் யாரு வரப்போறா?"

பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். அப்பா உள்ளே வந்ததும், அவர் கேட்காமலேயே, "ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னைக்கு வரணும்ணே?" என்றாள்.

அப்பா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "உன் பிறந்த வீடுன்னு நெனச்சு எப்ப வேணாலும் வா தாயி. நாங்களும் வர்றோம்" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் வீடு வாங்கிய அலுப்பில் அடுத்து வந்த ஞாயிறுகளையெல்லாம் தூங்கியே கழித்தார். பால் காய்ச்சிய அன்று அத்தை வந்து, அடுப்படி சன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். பிறகு நாங்கள் போகவில்லை, அவளும் வரவில்லை. எனக்கு அத்தைமேல்தான் கோபம். அவ்வளவு சொல்லியும் போட்டுவிட்டாளே!

இப்போது அப்பா இல்லை. அந்த வீட்டை விற்க வேண்டும் என்கிறான் தம்பி. நான் கம்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த இத்தனை வருடத்தில் தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவன், இப்போது ஞாயிறு தவறாமல் ஆப்பிள் பையோடும் பிள்ளைகளோடும் வந்து நிற்கிறான். "வெரசா கிளம்பணும்க்கா. ஒரே ஒரு கையெழுத்துதான்" என்கிறான். அவன்மேல் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வருகிறது.

அத்தையின் அடுப்பு ஏன் அவ்வளவு மெதுவாக எரிந்தது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. "இருடா, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று தம்பியை உட்காரவைத்துவிட்டு வந்து, கேஸ் அடுப்பைச் சிறிதாக வைக்கிறேன்.