தண்ணீர் நிற்காத வீடு

என் அக்காவின் கணவர் குழாய் வேலைக்காரர். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் வம்பு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர். வீடு கட்டியபோது கொத்தனாரை நம்பாமல் தரைக்கு அவரே வாட்டம் பார்த்தார். கூடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினால், யாரும் தள்ளிவிடாமலே அது சுவரோரத் துளைக்குப் போய்விடும். வருகிறவர்களுக்கெல்லாம் கொட்டிக் காட்டுவார். அக்கா பின்னாலேயே துணியோடு போவாள்.

அவர்களுடைய மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது இரண்டு ஆரஞ்சு மீன்களை விட்டுப்போனாள். கழுவும்போது கண்ணாடிக் கிண்ணம் உடைந்துவிட்டதால் அவை பிளாஸ்டிக் வாளிக்கு வந்து சேர்ந்தன. மகள் போனில் முதலில் விசாரிப்பது மீன்களைத்தான். அப்பா எல்லாம் அப்புறம். வாளியில் அவை வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. புதுத் தொட்டி வாங்கலாம் என்றாள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. குழாய் மாற்றப் போன பல் மருத்துவமனையில் ஒரு மூலையில் கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி வந்தார்.

"லேசா கசியும்னு சொன்னாங்க. கசிவெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?"

அந்தத் தொட்டியின் இன்னொரு முனையைத் தூக்கியவன் நான். எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. முதலில், குழாய்க்குப் பூசுகிற மாதிரி வெளிப்பக்கம் சிலிக்கான் பசையைப் பூசினார். உள்ளேயிருந்து தண்ணீர் அதை உரித்துத் தள்ளியது. பிறகு உள்பக்கம், பழைய பசையின் மேலேயே பூசினார். அது ஒட்டவே இல்லை. பிளேடால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசியபோது, காயும்வரை பொறுமை இல்லை. குழாயை மாட்டினால் உடனே திறந்துவிட்டுப் பார்க்கிற கை அது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரை இறைத்து, தொட்டியை இறக்கி, துடைத்து, மறுபடி கூடத்து மேசையில் ஏற்ற வேண்டும். கடைசியில் பசையைக் காயவிட்டும் பார்த்தார். அதே இடது மூலையில் சொட்டு வந்தது. பசை மட்டம் என்றார், கண்ணாடி மட்டம் என்றார், நான் கோணலாகப் பிடித்தேன் என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அதைக் கீழே போட்டு உடைத்திருப்பேன். அக்கா முகத்துக்காகச் சும்மா இருந்தேன்.

மறுநாள் காலையில் வாளியில் ஒரு மீன் செத்து மிதந்தது. அக்கா அதை எடுத்துப்போய்ச் செடிக்கடியில் புதைத்தாள். மாமா சாப்பிடக் கூப்பிட்டும் வராமல், மறுபடி பிளேடை எடுத்தார்.

அந்தப் பூச்சும் காய்ந்ததும் தண்ணீர் நிரப்பினோம். துணியோடு நின்றிருந்த அக்காதான் கேட்டாள்.

"அந்தப் பக்கம் விளிம்பு வரைக்கும் நிக்குது, இந்தப் பக்கம் ரெண்டு விரல் கம்மியா இருக்கே. தொட்டி கோணலா, தரை கோணலா?"

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். ரசமட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. அவர் பெருமையாகக் கொடுத்த வாட்டத்தில் மேசையின் ஒரு கால் தரையில் பதியவே இல்லை. பலகை முறுக்கிக்கொண்டு, நிறைந்த தொட்டியின் பாரமெல்லாம் அந்த இடது மூலையில் இறங்கி, பசை ஒட்டிய இடத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பூசியதெல்லாம் தண்டம். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் போலவும் இருந்தது.

மேசைக் கால்களுக்கு மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்து மட்டம் பார்த்தார். மறுபடி சுரண்டினார், பூசினார், இந்த முறை நன்றாகக் காயும்வரை தொடவே இல்லை. பிறகு நிரப்பி, அடியில் பேப்பர் விரித்துத் தடவித் தடவிப் பார்த்தார். துளி ஈரம் இல்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"வந்து பாரு, நிக்குது. மீனைக் கொண்டா."

அக்கா வரவில்லை. அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்.

"காலைலயே எதிர் வீட்ல குடுத்துட்டேன். அவங்ககிட்ட நல்ல தொட்டி இருக்கு. மகள்கிட்டயும் சொல்லிட்டேன்."

மாமா காய்ந்த தரையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாமே."

"தினமும் இன்னிக்குன்னுதான் சொன்னீங்க."

தொட்டியில் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் நின்றுகொண்டிருந்தது.