லிஃப்ட் மெக்கானிக்கின் இதயம்

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. லிஃப்ட் நின்றுபோனால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஆகவே ஊரே லிஃப்ட்டில் போக, மெக்கானிக் மட்டும் படியேறித்தான் மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போகவேண்டும். இந்தக் கதையின் மெக்கானிக் ஒரு பெண். அவள் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாள். கம்பெனியில் அவளுக்கு 'ராக்கெட்' என்று பெயர். ஜோடியாக வேலை பார்த்தவர் 'ஆயில்கேன்'. கனத்த உடம்பு, பின்னால் மூச்சிரைக்க வருவார். "அக்கா, நீ மேல போய் வேலைய முடிச்சு வை, நான் வந்து கையெழுத்துப் போடுறேன்" என்பார்.

அந்த ராக்கெட்டுக்குத்தான் கல்யாணமான கையோடு லூபஸ் வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கின. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடித்தது. "வீட்டைக் காக்கவேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிறான். உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்குறது, இதுதான் லூபஸ்" என்று விளக்கினார் மூட்டு டாக்டர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. வெயில் படக்கூடாது என்றும் சொன்னார். "லிஃப்ட் குழிக்குள்ள வெயில் ஏது டாக்டர்?" என்று சிரித்தாள் அவள். மாத்திரையும் பொறுமையுமாகப் பன்னிரண்டு வருஷம் நோயைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். மூட்டு வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். யாரிடமும் மூச்சு விடமாட்டாள். 'சீக்குக்காரி' என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

ஒருமுறை ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மூட்டு டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"லூபஸ் மூட்டோட நிக்காதும்மா. ரத்தக் குழாயோட உள்பக்கத்தையும் கெடுக்கும். நீங்க சாப்பிடுற ஸ்டீராய்டும் பிரஷரையும் கொழுப்பையும் ஏத்தும். உங்க வயசுப் பொண்ணுங்களுக்கு மாரடைப்பு வர்றது அபூர்வம். லூபஸ் இருந்தா அப்படிச் சொல்லிக்கிட்டு சும்மா இருக்க முடியாது. நெஞ்சு, தாடை, முதுகு எங்க வலிச்சாலும், திடீர்னு மூச்சு வாங்கினாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையா லூபஸ் இருக்குன்னு சொல்லணும். சரியா?"

சரி என்று தலையாட்டினாள். பிரஷர் மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டாள், அப்புறம் மறந்தாள். தினமும் மாடி ஏறி இறங்குகிறவளுக்கு இதயத்தில் என்ன கோளாறு வரப்போகிறது?

வந்தது. ஒரு காலை, எட்டு மாடி அலுவலகக் கட்டடம். நான்காவது மாடித் திருப்பத்தில் கீழ்த்தாடையை யாரோ இடுக்கி வைத்துப் பிடித்ததுபோல இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஆயில்கேன் அவளைத் தாண்டி இரண்டு படி ஏறிவிட்டார்.

"ஆகா! ராக்கெட்ட முந்திட்டேன்" என்று திரும்பியவர், வியர்த்து வெளுத்த முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டார். "அக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வெறும் அசதி. கொஞ்சம் உக்காந்தா போயிடும்."

"உக்கார்றதெல்லாம் கம்பெனி வேன்ல உக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். பணியிலிருந்த இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியல. சின்ன வயசு வேற. வாயுத் தொல்லையா இருக்கலாம்" என்றார். அதற்குள் தாடை வலியும் விட்டிருந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மாடி வீட்டில் தையல்கடை வைத்திருக்கும் நாத்தனார், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடி வந்திருந்தாள். குழாய்த் தண்ணீரில் தொடங்கி எல்லாவற்றுக்கும் இருவருக்கும் ஆகாது.

"கிளம்பலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

செருப்பில் கால் நுழைத்தாள். அப்படியே போயிருக்கலாம். வலியை விழுங்கியே பழகிய தொண்டை. ஆனால் மூட்டு டாக்டரின் குரல் காதிலேயே நின்றது. வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தாள்.

"டாக்டர், எனக்குப் பன்னிரண்டு வருஷமா லூபஸ் இருக்கு. மறுபடி ஒருதடவை பாருங்க. பாக்காம நான் போகமாட்டேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "இத நான் கேட்டிருக்கணும். படுங்க" என்றார். சில மணி நேர இடைவெளியில் இரண்டு ரத்தப் பரிசோதனை. இரண்டாவதில் இதயத் தசை அடிபட்டது தெரிந்துவிட்டது. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தபோது, இதயக் குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அங்கேயே பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். மயக்கம் கொடுக்காததால் அவள் திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"குழிக்குள்ள கம்பியிறக்கி, மூடாம இருக்க முட்டுக் கொடுக்கிறீங்க. நம்ம வேலைதான் சார்" என்றாள். இதய டாக்டர் சிரித்ததில் நர்சும் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு போய்விட்டது. பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சில் ஈ உட்கார்ந்தால்கூடத் திடுக்கிட்டாள். வாசலைத் தாண்டவில்லை. ஸ்கூல் பஸ் ஓட்டும் கணவர் உப்பைக் குறைத்துச் சமைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாட்ட வீட்லயே கொண்டாந்துட்டேன், பாத்தியா?" என்று தேற்றிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

நாத்தனார்தான் ஒரு சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். "எழுந்திரு அண்ணி. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. நீ செத்துட்டா நான் யார்கூட சண்ட போடுறது?"

தெருமுனை வரை நடந்தார்கள். மறுநாள் அதற்கும் அடுத்த விளக்குக்கம்பம். வழியெல்லாம் சண்டைதான். மூச்சு வாங்காமல் முழுச் சண்டையும் போட முடிந்த நாளில் இருவரும் நின்று கைகொட்டிச் சிரித்தார்கள். இந்தத் தடவை ஒரு மாத்திரையும் தவறவில்லை. லூபஸ் மாத்திரை, பிரஷருக்கு, கொழுப்புக்கு, ரத்தம் உறையாமல் இருக்க, எல்லாம்.

இனி மாடி ஏறவேண்டாம், ஆபீசில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதும் என்று மேனேஜர் அவளிடம் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"டெஸ்ட் எடுத்துட்டு வர்றேன் சார். தேறலன்னா போன் எடுக்கிறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் நடக்கவிட்டார்கள். வேகம் கூட்டினார்கள், சரிவு கூட்டினார்கள். அவள் நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் இதய டாக்டர் கைகாட்டி நிறுத்தி, "வேலைக்குப் போங்க. தாவுறது மட்டும் வேணாம்" என்று எழுதிக் கொடுத்தார். மூட்டு டாக்டர் தன் பங்குக்கு ஸ்டீராய்டைக் குறைத்தார். லூபஸ் போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் லகான் இப்போது அவள் கையில் இருந்தது.

வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே ஒரு குடியிருப்பிலிருந்து அவசர அழைப்பு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். திருப்பங்களில் நின்று மூச்சைச் சீராக்கினாள். தாடை சும்மா இருந்தது, நெஞ்சு சும்மா இருந்தது. மெஷின் ரூமில் மின்சாரத்தை அணைத்து, ஆயில்கேன் பிரேக்கைத் தளர்த்த, அவள் பெரிய சக்கரத்தைக் கையால் அங்குலம் அங்குலமாகச் சுற்றினாள். லிஃப்ட் அசைந்து, இறங்கி, மாடித் தளத்துக்குச் சமமாக வந்து நின்றது.

கீழே போய்க் கதவை இழுத்துத் திறந்தார்கள். வீடு மாறி வந்த குடும்பம் போலிருக்கிறது. லிஃப்ட் முழுக்க ஒரு சோபா. அதில் கணவன், மனைவி, மாமியார் மூவரும் சினிமா பார்ப்பதுபோல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியாம்மா!" என்று மாமியார் நகர்ந்து இடம் விட்டார். "அத்தன மாடி ஏறி வந்திருக்க, முதல்ல உக்காரு."

அவள் போய் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்தாள்.