சாயம் பிடிக்கும் கருவி

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் குமிழி சார் என்றுதான் பெயர். நகத்தளவு கண்ணாடிச் சில்லில் மயிரிழை அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதில் தண்ணீரை ஓடவிட்டு, மேலே லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்துத் தண்ணீரில் துளியினும் துளி சாயப்பட்டறைக் கழிவு இருந்தாலும் பிடித்துவிடுவது அவர் வேலை. பிடித்தபாடில்லை. வாய்க்காலில் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும். ஏன் தாமதம் என்று யார் கேட்டாலும், குமிழிங்க என்பார். உண்மையும் அதுதான். அவர் மனைவி அந்தச் சில்லுக்கு வைத்த பெயர் சக்களத்தி.

ஒருவழியாகக் குமிழி ஒழிந்த வாரத்தில் இயக்குநர் பார்வையிட வந்தார். கருவி தேறினால் ஊருக்கெல்லாம் போகும். தேறாவிட்டால் மூலையில் கிடக்கும். இயக்குநருக்கு ஓய்வு பெறும் வயது, தலை மட்டும் காக்கைக் கருப்பு. எங்கள் பரம்பரைக்கே நரை கிடையாது என்று மேடையிலேயே சொல்வார். கேட்டு யாரும் சிரித்ததில்லை, பிழைக்கத் தெரிந்தவர்கள்.

சுத்தமான தண்ணீரை என் கையாலேயே விடுவேன் என்றார் அவர். புகைப்படக்காரர் தயாராகும்வரை தலைமுடியைக் கோதிக்கொண்டார். வியர்த்த அதே விரலால் குப்பியின் வாயை மூடிக் குலுக்கி, வாய்க்காலுக்குள் செலுத்தினார். திரையில் கோடு விருட்டென்று எழும்பியது. சாயம்! பட்டறைச் சாயமும் தலைச்சாயமும் ஒன்றுவிட்ட சொந்தம்தானே. குமிழி சாருக்கு நெஞ்சு துள்ளியது. பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியதுபோல் இருந்தது.

இயக்குநர் முகம் சுருங்கியது. "சுத்தத் தண்ணிதானே விட்டேன். என்னய்யா காட்டுது?"

அவர் விரல்நுனியில் கருப்பு ஒட்டியிருந்தது. குமிழி சார் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல்.

"குமிழிங்க" என்றார்.

இயக்குநர் பெருந்தன்மையாகத் தோளில் தட்டினார். குமிழியை ஒழிக்கும்வரை திட்டம் தொடரட்டும், கருவி வெளியே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தலை கருப்பாகவே இருந்தது. சாயம் வெளுத்தது குமிழி சாருக்குத்தான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என் சக்களத்தி இன்னைக்காவது வேலை செஞ்சாளா?"

"ரொம்ப நல்லா செஞ்சா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

இயக்குநரிடம் சொன்னதை அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் குமிழி என்று அவர் சொன்ன முதல் பொய் அது. மறுநாள் காலையில் போய், இல்லாத குமிழியைத் தேட உட்கார்ந்தார்.