விபூதி பூசிய கிளட்ச்

வண்டி வேலைக்கு வருகிறவனுக்கு மூன்று கால் வேண்டும்: கிளட்சுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, முதலாளி துரத்தும்போது ஓட ஒன்று. எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறையில் பழைய வேன் ஓட்டிய எனக்கு இரண்டுதான் இருந்தன. பழைய வண்டியோடு மல்லுக்கட்டிய அன்பர்களே, என் வேதனை உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனைகட்டி ஏற்றம்

எங்கள் வேன் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. கிளட்ச் பிளேட் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. ஆனைகட்டி ஏற்றத்தில் எஞ்சின் யானை மாதிரிப் பிளிறும். சக்கரம் மட்டும் நகராது. ஒரு நாள் அப்படி நின்றபோது, ரிவர்ஸ் கியரில் இழுப்பு கொஞ்சம் அதிகம் என்பது ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலை ஏறினேன். கழுத்தைப் பின்னால் திருப்பியபடி நான்கு மைல். அதற்கப்புறம் ஒரு வாரம் நேராக நடந்தாலே எனக்குத் தலை சுற்றியது.

பாதி வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, நீங்க போறீங்களா, வர்றீங்களா?"

முதலாளியின் கெடு

இந்தச் செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளி பழனியப்பக் கவுண்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். புதுப் பிளேட் வாங்கித் தருவதாகவும், ஆயுதபூஜை முடிந்ததும் மலைமேல் இருக்கும் காந்தலூருக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகும்போது தாமே கூட வருவதாகவும் சொன்னார். எனக்கு வண்டி போனால் வேலை போச்சு. வேலை மட்டுமா? ஆறு வருஷமாக என் படுக்கையே அதன் பின்சீட்டுதான். கவுண்டர் விரலை நீட்டிக் கெடு வைத்தார்:

"இதான் கடைசி. மலையேறி ஊரு போய்ச் சேந்துச்சுன்னா வண்டியும் இருக்கும், நீயும் இருப்பே. இல்லீன்னா பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுருவேன். பின்னால போறதெல்லாம் கணக்குல சேராது, பாத்துக்க."

மலையில் பணியாரம்

ஆயுதபூஜை அன்று புதுப் பிளேட்டையும் ஸ்பேனர், ஜாக்கியோடு பலகையில் வைத்திருந்தார்கள். நான் வாழைக்கன்று வெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், பிளேட்டில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மறுநாள் பொட்டுகளைச் சுரண்டிவிட்டு மாட்டினேன். கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருந்தது. புதுச்சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி, உடுமலை வரை சமதரை. வண்டி பட்டாக ஓடியது. உடுமலையில் சடையாண்டி என்ற காந்தலூர்ப் பூண்டு விவசாயி ஏறிக்கொண்டார். பழனியில் மொட்டை போட்டுவிட்டு, பெரிய பை நிறைய விபூதியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சின்னாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் எஞ்சின் அலறியது; வண்டி அப்படியே நின்றது. உள்ளே புகை. புகையிலே நல்ல வாசனை வேறு. கவுண்டர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

சடையாண்டி மூக்கை உறிஞ்சிவிட்டு என் தோளைத் தட்டினார்: "தம்பி, கீழே யாரோ நல்லெண்ணெயில பணியாரம் சுடுறாக. நமக்கும் ரெண்டு கேளுங்க."

ஒரு கை எண்ணெய்

நல்லெண்ணெய்! வண்டிக்கு அடியில் புகுந்து, கிளட்ச் கூட்டில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு முகர்ந்தேன். அதேதான். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டால் சொரசொரப்புப் போய்விடும், பிடிக்காது, வழுக்கும். வெளியே தலையை நீட்டி, "ஐயா, பூஜையில பிளேட்டை யாராச்சும் தொட்டாங்களா?" என்று கேட்டேன்.

கவுண்டர் எதிரே இருந்த மலையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஸ்பேனருக்கெல்லாம் எண்ணெ வெச்சேன். இது மட்டும் வறவறன்னு கெடந்துச்சு. பாவமேன்னு ஒரு கை சேத்தியே தேச்சுட்டேன்டா."

நாற்பது வீட்டு விபூதி

எண்ணெயை உறிஞ்ச உலர்ந்த பொடி வேண்டும். ரோட்டு மண்ணெல்லாம் மழையில் சேறாகிக் கிடந்தது. என் கண் சடையாண்டியின் பைக்குப் போனது. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். நாற்பது வீட்டுக்குப் பங்கு வைக்க வேண்டிய விபூதி அது. மொட்டைத் தலையைத் தடவி யோசித்தார். வண்டி கிளம்பாவிட்டால் அவரும்தான் அந்த யானைக் காட்டில் கிடக்க வேண்டும்.

கடைசியில் வீட்டுக்கு ஒரு சிட்டிகை கணக்காக எடுத்து முடிந்துகொண்டு, பையை நீட்டினார்: "கொட்டுங்க, தம்பி. ஊர்ல கேட்டா வழியில ஒருத்தருக்குக் கடுமையான காய்ச்சல், அவருக்குப் பூசிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

அழுத்துங்க, விடுங்க

பிளேட்டின் இடுக்கில் விபூதி இறங்க, மேலே ஒருவர் கிளட்சை அழுத்தி அழுத்தி விட வேண்டும். சடையாண்டிக்குக் கால் எட்டவில்லை. ஆகவே, கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் அடியில் மல்லாந்து கிடந்து, காகிதச் சுருளால் விபூதியை ஊதினேன். "அழுத்துங்க. விடுங்க. நல்லா அழுத்துங்க, காலையில சாப்பிடலீங்களா?" உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. மேற்கொண்டு அரை மணி நேரம் என் சந்தோஷத்துக்காக.

கவுண்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்: "ஆறு வருசமா நான் உன்னை அதட்டுனதையெல்லாம் இன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டயேடா."

எடைக்குப் போகாத வண்டி

வண்டி பிடித்தது. முன்பக்கமாகவே ஏறியது. அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று விபூதி பறக்க, மறையூரில் எங்களைப் பார்த்த சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் வண்டிக்குக் கற்பூரமே காட்டினார். நம்பாதவர்கள் சடையாண்டியைக் கேட்டிருக்கலாம். அவர் இப்போது இல்லை. கவுண்டரும் இல்லை. எங்காவது நல்லெண்ணெய் காயும் வாசனை வந்தால் மட்டும் என் இடது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

காந்தலூரில் இறங்கியதும், வழியில் நின்றது நின்றதுதானே, இரும்புக்காரனுக்கு எப்போது சொல்லி அனுப்புவது என்று நானே கேட்டுவிட்டேன். கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார்: "பழனி விபூதி பூசுன வண்டிய எடைக்குப் போட்டா என்ற குடும்பம் வெளங்குமாடா? போயிக் கோஸு ஏத்து."

அதன்பின் ஒன்பது வருஷம் அந்த வேனை நான்தான் ஓட்டினேன். ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் விடிந்ததும் முதல் வேலையாகக் கவுண்டர் வீட்டு எண்ணெய்க் கிண்ணத்தை ஒளித்து வைத்துவிட்டு.