தேசிக்காய் வைத்த கோல்வாசல்

வாசிக்கும் நண்பரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கை தட்டிக் கலைந்துபோகும் சபையை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியது முகத்தைத் திருப்பாமல் நிற்கும் ஒருவர். அடிபாடு தொடங்கும்போதும் நீங்கள் நிற்க வேண்டும்.

பிரான்சில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற ஆபிரிக்க நாடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலியில், நாங்கள் இருந்த பலேர்மோ நகரின் தொலைக்காட்சிகள் அந்த ஆட்டங்களைக் காட்டுவதில்லை. ஆகவே இந்நகரில் வீடு துடைத்தும் கோப்பை கழுவியும் பிழைத்த ஆபிரிக்கர், போர்கோ வெக்கியோக் குடியிருப்புக்கும் துறைமுகத்துக்கும் இடையில் கிடந்த ஒரு வெறுந்தரையில், ஞாயிறு பின்னேரங்களில் தங்களுக்கென்று ஒரு தகுதிச் சுற்றை நடத்தினார்கள். கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட், துனிசியா. புல்லில்லாத தரை, கோல்கம்பங்கள் கட்டடவேலைக்காரர் விட்டுப்போன இரும்புக் குழாய்கள்.

மொரீசியஸ்காரருக்கு அங்கே இடமில்லை. "நீங்கள் இந்தியர். கிரிக்கெட் விளையாடப் போங்கள்" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய தலைவர், பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் சமையல் செய்பவர். பூட்டன் காலத்தில் மொரீசியசுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழ்க் குடும்பம். யாழ்ப்பாணத்தாரான எங்களோடு பழகி எங்கள் தமிழையே கதைப்பார். ஞாயிறுதோறும் தரையின் ஓரத்தில் வந்து நின்று கேட்பார். அவருடைய நாட்டின் அணி உண்மையான சுற்றில் தொடக்கத்திலேயே தோற்று வெளியேறியிருந்தது. அதையே அவர் வாதமாக்கினார்: "தோத்தாலும் ஆபிரிக்காவுக்குள்ளைதானே தோத்தனாங்கள்?"

இதைவிடக் கூர்மையான வாதத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. கடைசியில் கானாக்காரர் இறங்கி வந்தார்கள். அவர்களோடு ஒரேயொரு ஆட்டம். ஒழுங்காக ஆடி முடித்தால் மொரீசியஸ் சுற்றில் சேரும். குழப்பம் செய்தால் இனிமேல் கேட்கவே கூடாது.

நடுவராக என்னை அழைத்தார்கள். யாழ்ப்பாணம் ஆபிரிக்க வரைபடத்தில் இல்லை என்பது ஒரு காரணம். என் குரல் மற்றொன்று. பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கியவன் நான். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வாங்கு வரை சொல் போய்ச் சேர வேண்டும் என்று பழக்கப்பட்டவன். அந்த அழைப்பை எனக்குரிய மரியாதையாகவே ஏற்றுக்கொண்டேன்.

"தம்பி, எங்கடை ஆள் எண்டு ஒண்டும் செய்ய வேண்டாம்," என்றார் தலைவர். "நேர்மையா ஊது. அது காணும்."

சீசா என்ற பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன், கோட்டோரம் நின்று கொடிக்குப் பதில் துணி காட்டும் துணை நடுவராக வந்திருந்தான். "டேய் பேச்சாளர், விசிலை மட்டும் ஊது. பிரசங்கம் வைக்காதை" என்றான்.

முதற் பாதியே போர்தான். முழங்கைகள் விலாவில் இறங்கின. சப்பாத்து ஒன்று ஒருவனின் முழங்கால் தோலைக் கிழித்தது. அவன் மண்ணை அள்ளிக் காயத்தில் அப்பிக்கொண்டு எழுந்து ஓடினான். கானாவின் முன்னணி வீரன் அடித்த பந்துகள் குழாயில் பட்டுப் பட்டுத் திரும்பின. மொரீசியஸ் ஒரு கோல் போட்டது. தலைவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். நடுவருக்குரிய முகத்தோடு பார்த்தேன்.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறினார்கள். கானாவின் கோல்காப்பாளன் தன் புதிய வாசலுக்குப் போய்க் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

இரண்டு கம்பங்களின் அடியிலும் பிளந்த தேசிக்காய்கள். அவற்றின் உள்ளே குங்குமம் குழைந்து சிவந்திருந்தது. நடுவில் கற்பூரம் எரிந்த கரி. புதுக் கார் ஓட முன்னும் புது வீடு புக முன்னும் நம்மவர் செய்வதுதான். மொரீசியஸ்காரர் ஆட்டத்துக்கு முன் தங்கள் வாசலுக்குக் கண்ணூறு கழித்திருந்தார்கள். பாதியில் அந்த வாசல் மற்றவனுடையதாகும் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"இது என்ன?" என்று இத்தாலிய மொழியில் கத்தினான் காப்பாளன்.

தலைவர் ஓடி வந்தார். "சாமிக்கு வைச்சது. உனக்கு இல்லை."

"எங்கள் ஊரிலும் வைப்பார்கள். எதற்கு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் பந்து ஒன்றும் உள்ளே போகவில்லை!"

சொல்லிக்கொண்டே அவன் சப்பாத்தால் ஒரு தேசிக்காயை நசுக்கினான். சாறும் குங்குமமும் தலைவரின் காலில் தெறித்தன. தலைவர் அவன் முகத்தில் குத்தினார்.

பிறகு தரையில் அணிகள் இல்லை. இடுப்புப் பட்டிகள் கழன்றன. கொளுக்கிகள் நெற்றிகளைத் தேடின. யாரோ ஒருவன் கோல்கம்பத்தையே பிடுங்கிச் சுழற்றினான். அது ஒரு தோளில் விழுந்த ஓசை மரம் முறிவதுபோல் கேட்டது. கற்கள் பறந்தன. உடைந்த போத்தலோடு ஒருவன் ஓடினான். அவன் எந்த நாட்டவன் என்பதைப் புழுதி மறைத்தது. மேல்மாடங்களில் நின்ற போர்கோப் பெண்கள் மாதாவைக் கூப்பிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? கவிழ்ந்து கிடந்த மீன்பெட்டியில் ஏறி நின்றேன். "சிஞ்ஞோரி!" என்று, கனவான்களை விளித்துத் தொடங்கினேன். முதலாவதாக, தேசிக்காய் ஆட்டவிதிகளை மீறவில்லை என்றேன். இரண்டாவதாக என்றபோது ஒரு கல் காதை உரசிப் போனது.

"இறங்கடா விசரா!" நண்பனின் குரல். "உன்ரை முதலாவது இரண்டாவது ஒருத்தருக்கும் கேக்கேல்லை!"

அப்போதுதான் தலைவரைக் கண்டேன். மல்லாந்து கிடந்தார். காப்பாளனின் முழங்கால் அவர் நெஞ்சில். அவன் கைமுட்டி இறங்கி இறங்கி எழுந்தது. ஒவ்வொரு முறையும் சிவந்து எழுந்தது. நான் குதித்து, ஓடி, இருவருக்குமிடையில் தலையால் விழுந்தேன். அடுத்த குத்து என் வாயில் இறங்கியது. உதடு பற்களில் கிழிந்தது. நாக்கில் இரும்புச் சுவை.

காப்பாளனின் கை அந்தரத்தில் நின்றது. அந்தத் தரையில் எல்லா அணிகளும் ஒப்புக்கொண்ட ஒரு விதி உண்டு: நடுவரை அடித்த பக்கம் தோற்றது. பார்த்தவர்கள் அடங்கினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் அடங்கினார்கள். காப்பாளன் தன் முட்டியைத் தானே வெறித்துக்கொண்டிருந்தான்.

"ஊது தம்பி," என்றான் மொரீசியஸ்காரன் ஒருவன். "நாங்கள் வெண்டிட்டம்!"

கானாவின் தலைவன் குறுக்கிட்டான். "முதலில் குத்தியது யார்? குழப்பம் செய்தால் வெளியே என்றுதானே பேச்சு? இந்தியர் வெளியே!"

இரு பக்கமும் மறுபடி கற்களுக்குக் குனிந்தன. தலைவர் என் சட்டையைப் பற்றி இழுத்தார். அவர் வாயில் இரண்டு பற்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இப்பிடி வெண்டால் வேண்டாம்," என்றார். "வெண்டவங்கள் எண்டு சொல்லமாட்டாங்கள், சூனியக்காரர் எண்டுதான் சொல்லுவாங்கள். மிச்சத்தை ஆட வேணும் தம்பி. ஆடினால்தான் நாங்களும் ஆள்."

தீர்ப்பு என் கையில் இருந்தது. இரு பக்கத்தில் எவருக்கு ஊதினாலும் தலைவரின் வாதம் அன்றோடு செத்துவிடும். நான் பெட்டியில் ஏறவில்லை. நின்ற இடத்தில் நின்று, வீங்கிய வாயால், முதலில் இத்தாலிய மொழியிலும் பிறகு அவருக்காகத் தமிழிலும் உரக்கச் சொன்னேன்:

"ஆட்டம் முடியேல்லை. வாற ஞாயிறு இரண்டாம் பாதி நடக்கும். ரெண்டு வாசலையும் என்ரை கையாலை கூட்டித் துடைச்சுப்போட்டு நானே ஊதுவன். மொரீசியஸ் ஆடாத தரையிலை இனி ஒருத்தருக்கும் நான் விசில் ஊதமாட்டன்."